சி.ஆர்.பி. என்ற எண்ணும் எங்கள் இருதயமும்

காய்ச்சல் என்று வைத்தியரிடம் போனால் கொழும்பில் இரண்டு இரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. ஒன்று டெங்குவை மனதில் வைத்துச் செய்யும் குருதிக்கல எண்ணிக்கை. மற்றது சி.ஆர்.பி. ஆகவே இம்மூன்று எழுத்துகளும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எங்கள் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. இதே எழுத்துகள் 'எச்.எஸ். சி.ஆர்.பி.' என்ற பெயரில் இருதயப் பரிசோதனைப் பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன. "காய்ச்சலுக்குப் பார்ப்பதை ஏன் நெஞ்சுக்கும் பார்க்கிறார்கள்? காசு கட்டிச் செய்யத்தான் வேண்டுமா?" என்ற கேள்வி நியாயமானது. காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியுமல்ல.

முதலில் சி.ஆர்.பி. என்றால் என்னவென்று பார்ப்போம். 1930ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் ரில்லெற், பிரான்சிஸ் என்ற இருவர் நியுமோனியா நோயாளரின் குருதியில் ஒரு புரதத்தைக் கண்டனர். அது நியுமோனியாக் கிருமியின் 'சி' எனப் பெயரிடப்பட்ட பகுதியோடு சேர்ந்து படிந்தது. பெயரிலுள்ள 'சி' அங்கிருந்து வந்ததே. உடம்பில் எங்காவது காயமோ தொற்றோ ஏற்பட்டால், அங்கு கூடும் வெள்ளைக் கலங்கள் இன்ரர்லியூக்கின் 6 என்னும் பொருளைக் குருதியில் விடும். அந்தச் செய்தி கிடைத்ததும் ஈரல் சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி.யைச் சுரக்கத் தொடங்கும். கடும் தொற்றின்போது அதன் அளவு நூறு மடங்குக்கு மேலும் ஏறும். தொற்று தணிந்தால் சில நாட்களில் இறங்கிவிடும்.

ஊரில் வயல் நடுவே நிற்கும்போது தூரத்தில் புகை எழும்பினால், நெருப்பு இருக்கிறது என்று தெரியும். எரிவது வைக்கோலா, வேலியா, வீடா என்பதைப் புகை சொல்லாது. சி.ஆர்.பி.யும் அப்படித்தான். அது அழற்சியின் புகை. அழற்சி என்பது காயத்துக்கும் கிருமிக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்பு: சிவத்தல், வீங்கல், சுடுதல், நோதல். அது இருதயத்தில் என்ன செய்கிறது?

மாரடைப்பைப் பலரும் வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல எண்ணுகிறோம். கொழுப்பு மெல்ல மெல்லப் படிந்து ஒருநாள் வழி அடைபட்டுவிடுகிறது என்பது அந்த எண்ணம். இது பாதி உண்மைதான். பெரிதாக ஒடுங்காத இடத்திலேயே திடீரென அடைப்பு ஏற்படுவதும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள வாய்க்காலை விட்டுக் குளக்கட்டுக்குப் போக வேண்டும். வன்னிக் குளங்களின் கீழ் பயிர் செய்தவர்களுக்குக் கட்டு எப்படி உடைகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. மேலே புல் முளைத்து உறுதியாகத் தெரியும் கட்டுக்குள்ளே எலி வளை தோண்டியிருக்கும், கறையான் அரித்திருக்கும். மாரி மழையில் ஒரு இரவு அது உடைத்துக்கொள்ளும்.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகளிலும் இதுவே நடக்கிறது. நாடிச் சுவருக்குள் கொலஸ்ரரோல் புகுகிறது. அதை அகற்ற வெள்ளைக் கலங்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கிப் பெருத்து அங்கேயே மடிகின்றன. மேலும் கலங்களை அழைக்கின்றன. அவை விடும் நொதியங்கள் படிவை மூடியிருக்கும் மெல்லிய போர்வையை அரிக்கின்றன. போர்வை கிழிந்தால் உள்ளிருப்பது குருதியைத் தொடும். உடனே அங்கு குருதி கட்டிபடும். சில நிமிடங்களில் நாடி அடைபடும். நாடிச் சுவரில் அழற்சி இருக்கிறது என்பதைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ஜேர்மனிய மருத்துவர் விர்ச்சோ எழுதினார். மருத்துவ உலகம் அதை முழுமையாக ஏற்க 1990கள் வரை சென்றது.

1997இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் போல் றிட்கர் என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும், நோயேதும் இல்லாதிருந்த காலத்தில் சேமித்து வைத்த குருதியைப் பரிசோதித்தனர். பின்னாளில் மாரடைப்பு, பாரிசவாதம், நாளங்களில் குருதி கட்டிபடுதல் ஆகியவற்றில் ஒன்றுக்கு உள்ளானவர்களில் 543 பேரும் உள்ளாகாதவர்களில் 543 பேரும் ஒப்பிடப்பட்டனர். சி.ஆர்.பி. சற்றே உயர்ந்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாயிருந்தது. இங்கு 'சற்றே' என்ற சொல் முக்கியம். காய்ச்சலில் நாம் பார்ப்பது 50, 100 என்ற எண்களை. இருதயத்துக்கு உரிய வேறுபாடு 1க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. அந்த நுண்ணிய அளவை எடுக்கும் முறைதான் 'எச்.எஸ்.' 2003இல் அமெரிக்க இருதயச் சங்கம் வரையறை தந்தது: ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவு தாழ்ந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் உயர்வு. 10ஐத் தாண்டினால் இருதயத்தை விட்டுத் தொற்றைத் தேட வேண்டும்.

எங்கள் இனத்தவர் பற்றிய செய்தியும் உண்டு. 2001இல் லண்டனில் வாழும் இந்தியத் துணைக்கண்ட மக்களையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்டபோது, முன்னவர்களின் சி.ஆர்.பி. 17 வீதம் கூடுதலாயிருந்தது. காரணம் என்ன? வயிற்றுக் கொழுப்பும் அதோடு வரும் இன்சுலின் மந்தமும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சாக்கு மூட்டை அல்ல. அதுவும் இன்ரர்லியூக்கின் 6ஐச் சுரந்து ஈரலைத் தூண்டிக்கொண்டே இருக்கும். 2004இல் வெளியான, இலங்கையும் பங்குபற்றிய 52 நாடுகளின் ஆய்வின் தொடர்ச்சியில், தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும் ஏனையோருக்கு 59 என்றும் தெரியவந்தது. மண்வெட்டி பிடித்த மனிதன் மாடி அறையில் கதிரையில் இருந்து பகலைக் கழிக்கும்போது, முன்பு உண்ட அதே சோறு வயிற்றில் தங்குகிறது. இடப்பெயர்வு எங்களிடமிருந்து பறித்தவற்றில் உடல் உழைப்பும் ஒன்று. இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மருந்துப் பக்கம் வருவோம். கொலஸ்ரரோலுக்குக் கொடுக்கும் ஸ்ரற்றின் குளிசைகள் சி.ஆர்.பி.யையும் இறக்குகின்றன. 2008இல் வெளியான ஆய்வில், கொலஸ்ரரோல் அதிகமில்லாத, ஆனால் சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேரில் பாதிப்பேருக்கு றோசுவாஸ்ரற்றின் கொடுக்கப்பட்டது. மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை குளிசை எடுத்தவர்களில் 142 பேருக்கும் எடுக்காதவர்களில் 251 பேருக்கும் நேர்ந்தன. "கொலஸ்ரரோல் இறங்கிவிட்டது, இனிக் குளிசை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குளிசைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2017இல் அழற்சியை மட்டும் அடக்கும் கனகினுமப் என்ற ஊசி, கொலஸ்ரரோலைத் தொடாமலே மாரடைப்பு, பாரிசவாதம், இருதய நோய் மரணம் ஆகியவற்றை ஒருசேர 15 வீதம் குறைத்தது. ஆயினும் உயிர்கொல்லும் தொற்றுகள் கூடின. விலையோ எங்கள் எட்டாக் கனி. எதிர்ப்பை அடக்கினால் கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறது.

அடுத்த மருந்தின் மூலம் எங்கள் வேலியோரத்தில் வளர்கிறது. கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற பொருள் உண்டு. தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்காக விற்கின்றனர். மூட்டுவாதத்துக்கு வழங்கப்பட்டு வந்த இம்மருந்தை, அரை மில்லிகிராம் அளவில், 4,745 மாரடைப்பு நோயாளரிடம் சோதித்த முடிவு 2019இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 5.5 வீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 7.1 வீதத்தினருக்கும் மறுபடி தாக்கம் நேர்ந்தது. 2023இல் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. ஆனால் 2024இல் 7,062 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் 9.1, 9.3 என்று ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஆகவே வழக்கு முடியவில்லை. எவராவது இந்தக் கிழங்கை அரைத்துக் குடித்தால் நெஞ்சுக்கு நல்லது என்று சொன்னால், தயவுசெய்து கேட்க வேண்டாம். அது ஆளைக் கொல்லும் நஞ்சு. அதை உண்டு இறந்தவர்கள் இலங்கையின் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். அழற்சிதான் காரணம் என்றால் முழங்கால் நோவுக்கு வாங்கும் டைக்ளோபெனாக் போன்ற குளிசைகள் நல்லவை என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. அவை மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன. அதே இனத்தைச் சேர்ந்த றொபெகொக்சிப் என்ற மருந்து இக்காரணத்தால் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே மீளப்பெறப்பட்டது. அஸ்பிரின் வேறு; அது குருதி கட்டிபடுவதைத் தடுக்கிறது. ஆனாலும் வைத்தியர் சொல்லாமல் தினமும் எடுப்பது குடலில் குருதிப்பெருக்கை வரவழைக்கும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின் மிக ஆபத்தானது. இருதயத்துக்காக அதை எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எச்.எஸ். சி.ஆர்.பி.க்குப் பணம் கட்டவா? என் கருத்து, முதல் செலவாக அது வேண்டாம். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் புகை எங்கிருந்து வரக்கூடும் என்று தெரிந்துவிடும். பிரசர், சீனி, கொலஸ்ரரோல் மூன்றையும் அரசாங்க வைத்தியசாலைகளை அண்டிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பார்க்கலாம். சுருட்டு, சிகரெட் இரண்டும் சி.ஆர்.பி.யை உயர்த்தும். முரசு வீங்கிக் குருதி வடிந்தால் அதுவும் உயர்த்தும். பல் வைத்தியரிடம் போனால் எண் சிறிது இறங்கும். மாரடைப்பு குறையும் என்று நிறுவப்படவில்லை, பல்லாவது மிஞ்சும்.

நெஞ்சு இறுகி, வியர்த்து, இடக்கையோ தாடையோ நொந்தால் சி.ஆர்.பி.க்கு அங்கு வேலையில்லை. வைத்தியசாலையில் ஈ.சி.ஜி.யும், இருதயத் தசை சிதைந்தால் குருதியில் கசியும் ற்றொபொனின் என்ற பொருளின் பரிசோதனையும் செய்வார்கள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கலாம். அதற்கு முன் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

மாத்திரை தொடங்குவதா விடுவதா என்று வைத்தியரே தயங்கும் நிலையில் எச்.எஸ். சி.ஆர்.பி. உதவும். அவர் எழுதித் தந்தால், தடிமன், காய்ச்சல், புண் எதுவும் இல்லாத நாளில் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை செய்தால்தான் நம்பலாம். அறிக்கையில் அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்றும், சில டெசிலீற்றருக்கு எத்தனை என்றும் எழுதும், பின்னதில் 0.3 என்றால் முன்னதில் 3. துண்டைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த முறை கொண்டு போங்கள்.