வரிக்கணக்கில் வாழும் மூதாதையர்

பாட்டனாரின் பெயரைத் தடங்கலின்றிச் சொல்லுகிறவர்கள்கூட, அந்தப் பாட்டனாருக்குப் பாட்டனார் யார் என்று கேட்டுவிட்டால் மோட்டுவளையைப் பார்க்கத் தொடங்கிவிடுவது நம் வீடுகளில் சகஜமான காட்சி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வமிசாவளிச் சங்கம் ஒன்று 1845ஆம் ஆண்டில் ஏற்பட்டு, இதற்கென்றே நூல்நிலையம் வைத்து நடத்தி வருகிறது. அத்தகைய சங்கம் நமக்கு வாய்க்கவில்லையாயினும், சென்னை எழும்பூரில், 1909இல் ஸ்தாபிதமான ஆவணக் காப்பகத்தில், நம் முன்னோர் பலர் தாங்களே அறியாமல் குடியிருந்து வருகிறார்கள்.

அவர்களை அங்கே குடியேற்றியது சரித்திர அபிமானம் அன்று; வரி. 1858இல் சென்னை ராஜதானியில் அமைந்த இனாம் கமிஷன், வரியின்றியோ குறைந்த தீர்வையிலோ நிலம் அநுபவித்து வந்தவர்களை அழைத்து, இந்த மானியத்தை அளித்தவர் யார், எந்தக் கைங்கரியத்துக்காக அளித்தார், இன்றைக்கு அநுபவிப்பவர் ஆதியில் பெற்றவருக்கு என்ன உறவு, அவருக்கு வயது என்ன என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்து ஏட்டில் ஏற்றியது. சர்க்காருக்கு வேண்டியிருந்தது உரிமைக்கு அத்தாட்சி. நமக்குக் கிடைத்திருப்பதோ மூன்று தலைமுறைப் பெயர்கள்.

ஆனால் ஏட்டைக் கேட்டு வாங்குமுன் காலக் கணக்குச் சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள பத்திரம் ‘துன்மதி வருஷம்’ என்று மட்டும் சொல்லுமானால், அது 1861ஆகவும் இருக்கலாம், 1921ஆகவும் இருக்கலாம்; அறுபது வருஷச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் பசலி 1271 என்றிருந்தால் 590ஐக் கூட்டிக்கொள்ள, சந்தேகம் தீர்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பத்திரமாயின் கொல்லம் ஆண்டு வரும். அதற்குக் கூட்ட வேண்டியது 825.

வரிக்கணக்கில் அகப்படாததைத் தேடுகிறவர்கள் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகச் சென்னையில் ஜீவனம் நடத்திய கோட்டையூர் முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட புஸ்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்தவர். 1992இல் அவர் காலமான பின்பு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிய அந்தச் சேகரம், நல்ல வேளையாகக் கடல் தாண்டவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை போதும்: பெண் வீட்டார் யார், ஊர் எது, அழைப்பவர் எந்த முறை என்று எல்லாம் ஒரே காகிதத்தில்.

நிலமும் மானியமும் இல்லாதவர்களோ, பத்திரிகை அச்சிட வகையில்லாதவர்களோ இவ்விடங்களில் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. அந்த நிலத்தில் உழுது, நாற்று நட்டு, அறுத்துக் கொடுத்தவர்களைப் பற்றிப் பெரும்பாலும் மௌனமே சாதிக்கும் ஏடுகளை வைத்துக்கொண்டு ஊர்ச் சரித்திரம் எழுதிவிட்டதாக யாரேனும் பெருமை பேசினால், எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

நான் தேடிப்போனதும் காலே அரைக்கால் காணி நிலத்தின் சமாசாரந்தான். நண்பகல் கழிந்து வந்த ஏட்டில், கரையெல்லாம் பழுப்பேறிய ஒரு பக்கத்தில், இங்கிலீஷ் குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்தில் என் பாட்டனாரின் பாட்டனார் ஒன்பது வயதுச் சிறுவராக உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி வழங்குகிற கதைகளிலெல்லாம் அவர் நரைத்த மீசையும் கையில் தடியுமாகவே வருவார். மைனரானபடியால் தாயாரே கார்டியன் என்று எழுதி, அவள் பெயரையும் எழுதியிருந்தார் குமாஸ்தா. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. பெயரின் பின்பாதியான ‘அம்மாள்’ தெளிவாக இருந்தது; முன்பாதி இருந்த இடத்தில் மை காகிதத்தை அரித்துத் துவாரமாக்கியிருந்தது.

சிறுவர் மேஜரான பின் பட்டா மாறியிருக்க வேண்டும். அந்த வருஷத்துக் கணக்கைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.