காட்டோரக் காவலுக்கு மின்வண்டி

வேட்டை நிலத்துக்கென்றே சத்தமில்லாத மின்வண்டி வாங்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, நல்லதுதான். ஆனால் பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் காட்டையொட்டி மாந்தோப்பும் கடலைக்காடும் வைத்திருப்பவர்களுக்கு ராக்காவலுக்கு ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. மின்ஸ்கூட்டர் தொழிற்சாலை ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது.

வாங்கும்போது, ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். மணலிலும் மேட்டிலும் அது வெகுவாகக் குறையும். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குனிந்து பாருங்கள்; வரப்பில் ஏறி இறங்கும்போது கல் தட்டக்கூடாது. பேட்டரிக்கு ஐபி 67 தரம் இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. வேலூர் வெயிலைத் தாங்க லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஆந்திர எல்லையிலுள்ள கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் இந்தப் பக்கம் இறங்குவதுண்டு. பெட்ரோல் வண்டி வருவது தூரத்திலேயே யானைக்குக் கேட்டுவிடும். மின்வண்டியிலோ, சருகில் டயர் உரசும் சத்தம் மட்டும்தான். வளைவு திரும்பியதும் நேருக்கு நேர் நிற்க நேரலாம். ஆகவே இருட்டில் தனியாகப் போகாதீர்கள். முகப்பு விளக்கைப் போட்டு, பேச்சுக்குரல் கொடுத்தபடி மெதுவாகச் செல்லுங்கள். உங்கள் வனச்சரக அலுவலக எண்ணை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள்.