பட்டுக்கும் பிசுக்குக்கும் ஒரே சோடா

காஞ்சிபுரத்திலிருந்து வாலாசாபாத் செல்லும் வழியில் அமைந்த ஐயம்பேட்டை, பட்டுத்தறிகளால் பெயர்பெற்ற ஊர். தறியேறும் பட்டு பிறக்கும்போதே பளபளப்பதில்லை. புழு உமிழ்ந்த இழையைச் செரிசின் என்னும் பசைப்புரதம் மூடியிருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த நீரில், கொதிநிலைக்குச் சற்றே தாழ்ந்த சூட்டில் நூலை வேகவைத்தால் பசை கரைந்து நீங்கும். அதன் பின்னரே இழை மினுங்கும், சாயமும் சீராகப் பற்றும். காரம் குறைந்தால் பசை தங்கிவிடும். மிகுந்தால் பட்டே நைந்துபோகும். சாயப்பட்டறையில் இந்த அளவறிவுதான் தொழில்.

அதே சோடா, நெசவாளர் வீட்டு அடுக்களையிலும் வேறொரு வேலைக்கு வருகிறது. சிம்னி எனப்படும் புகைபோக்கி இன்று சிற்றூர் வீடுகளிலும் ஏறிவிட்டது. அதன் வடிப்பானில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதே அவ்வேலை. ஆனால் பட்டறையில் கண்ட அளவறிவை இங்கே காண்பது அரிது.

தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் நுண்துளிகளாகி மேலெழுகிறது. வடிப்பானின் தகடுகளிலும் வலைகளிலும் மோதிப் படிகிறது. முதல் சில நாள்களில் அது வெறும் எண்ணெய். சுடுநீரும் பாத்திரச் சோப்பும் போதும். நாள்பட்டால் நிலைமை வேறு. சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுதி. அவற்றின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றின் உயிர்வளி தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரும் வலையாகின்றன. ஆளி விதை எண்ணெய் பூசிய மரப்பரப்பு இறுகி மெருகேறுவதும் இதே வினையால்தான். அடுப்பின் சூடு இதை விரைவுபடுத்தும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது இவ்வாறு எளிதில் இறுகுவதில்லை. குளிரில் உறையும், சூட்டில் உருகும், அவ்வளவே.

இறுகிய பிசுக்கைக் காரம் எவ்வாறு வெல்கிறது என்பதற்கு அடிப்படை விளக்கம் தந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் இணைந்த சேர்மம் என்றும், காரம் அந்த இணைப்பை அறுத்துச் சோப்பை உண்டாக்குகிறது என்றும் 1823இல் வெளியான தம் நூலில் நிறுவினார். மறு ஆண்டே பாரிசின் கோபலின் நெசவுச்சாலையில் சாயப்பிரிவின் தலைமை அவருக்குக் கிட்டியது. அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் விதத்தை 1839இல் அவர் எழுதியதும் அந்தப் பட்டறிவால்தான். சேலையின் உடலுக்கும் கரைக்கும் எதிர்நிறம் தேர்கிற காஞ்சி நெசவாளர் அவரைத் தம் இனத்தாராகவே கொள்ளலாம்.

நாள்பட்ட எண்ணெயில் பிணைப்பறுந்த கொழுப்பமிலங்கள் ஏற்கெனவே ஓரளவு இருக்கும். சலவைச் சோடா முதலில் அவற்றைச் சோப்பாக்கும். அச்சோப்பு மீதிப் பிசுக்கினுள் நீரைப் புகுத்தும். ஆகவே தேய்ப்பதைவிட ஊறவைப்பதே அறிவுடைமை. செரிசின் புரதம் என்பதால் அங்கே வினை சற்று வேறு. ஆயினும் வெப்பம், காரம், நேரம் என்னும் மூன்றும் இரண்டிடத்திலும் பொது.

இனி, வடிப்பான் எந்த உலோகம் என்று பார்த்தாக வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளானால் சலவைச் சோடா ஊறு செய்யாது. அலுமினிய வலையானால் கதை வேறு. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானே படரும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம். காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். காஸ்டிக் சோடா பட்டால் உலோகமே அரிக்கப்பட்டு, எரியக்கூடிய ஹைட்ரஜன் வளி குமிழியிடும். சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். ஆப்பச் சோடா மென்மையானது; எனினும் அதைக் கொதிநீரில் இட்டால் சிறிது சிறிதாகச் சலவைச் சோடாவாக மாறிவிடும். எனவே அலுமினியத்துக்கு வெதுவெதுப்பான நீரும் பாத்திரச் சோப்பும் பொறுமையுமே ஏற்றவை.

செய்முறை சுருக்கமானது. மின்னிணைப்பைத் துண்டித்து, அடுப்பை அணைத்து, சூடாறிய பின் வடிப்பானைக் கழற்றுக. வழியும் எண்ணெயைப் பழைய தாளால் துடைத்துக் குப்பையில் இடுக. சாக்கடையில் விட்டால் குழாயினுள் உறைந்து அடைக்கும். கையுறை அணிந்து, எஃகானால் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த சுடுநீரில், அலுமினியமானால் சோப்பு மட்டும் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்தூரிகையால் தேய்த்து, அலசி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே மாட்டுக. நாள்தோறும் பொரிக்கும் வீட்டில் மாதம் ஒருமுறையேனும் இது வேண்டும். வாணலியில் எழும் தீ, பிசுக்கேறிய வடிப்பானைப் பற்றினால் குழாய் வழியே மேலேறும்.

விரைந்து முடிக்க விரும்பி மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கொண்டு துடைப்பது அந்தத் தீயை வலிந்து அழைப்பதே. பிளீச்சிங் நீரோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்தால் குளோரின் நச்சுவளி எழும். அம்மோனியாவோடு கலந்தாலும் நச்சுவளியே. காஸ்டிக் சோடா தோலின் கொழுப்பையும் சோப்பாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. வீட்டுப் பிசுக்குக்கு அது தேவையே இல்லை.

உள்ளே கரி வடிப்பான் இருந்தால் அதைக் கழுவுவதால் பெரும்பாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கறுத்துப்போன அலுமினிய வலையை மட்டும் எறிந்துவிட வேண்டாம். நிறம் மாறினாலும் அது எண்ணெயைப் பிடிக்கும். கண்ணறைகள் கிழிந்தால் மாற்றினால் போதும்.