எத்தனை காலேஜுக்குப் போடணும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மயிலாடுதுறை பேருந்து நிலையத்தை ஒட்டிய கம்ப்யூட்டர் சென்டர்களில் கால் வைக்க இடமிருக்காது. மகளை முன்னால் உட்காரவைத்துவிட்டு, மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி பின்னால் நிற்பார் அப்பா. ஆண்டுதோறும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, எத்தனை காலேஜுக்குப் போட்டு வச்சா பத்திரம்?" சென்டர் தம்பியின் பதிலும் மாறுவதில்லை. "எவ்வளவு போட்டாலும் நல்லதுதாண்ணே." விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு அது நல்லதுதான்.

அப்பாவுக்கு அவ்வளவு நல்லதல்ல. காவிரிப் பாசனக்காரரின் நாட்காட்டியும் கல்லூரிகளின் நாட்காட்டியும் ஜூன் மாதத்தில் முட்டிக்கொள்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று கையிலிருப்பதெல்லாம் வெளியே போகிற அந்த வாரங்களில்தான் 'சீட் பிளாக் பண்ண' அட்வான்ஸ் கேட்கிறார்கள். சம்பா நெல் போட்ட பணம் அதற்குள் கரைந்திருக்கும். குறுவைப் பணம் வரப் புரட்டாசி ஆகிவிடும். நடுவில் மிச்சம் கழுத்துச் சங்கிலிதான். அது கூட்டுறவு வங்கிக்குப் போகும். இரண்டு கல்லூரியில் அட்வான்ஸ் கட்டினால் வளையலும் பின்னாலேயே போகும்.

அதனால் எண்ணிக்கையைப் பேசுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போடுவது வேறு, பணம் கட்டுவது வேறு. முன்னதில் தாராளமாக இருக்கலாம். பின்னதில் கஞ்சனாக இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விண்ணப்பம் இரண்டே இடத்தில், அட்வான்ஸ் இரண்டிலும்.

இங்கிலாந்தில் ஒரு மாணவர் பொது விண்ணப்பத்தில் 5 இடங்களைத்தான் குறிக்க முடியும். அமெரிக்காவின் பொது விண்ணப்பத்தில் 20 கல்லூரிகள் வரை. நம்மூரில் அப்படி ஒரே கணக்கு இல்லை. வாசலுக்கு வாசல் கணக்கு மாறும்.

முதல் வாசல் அரசு கலை அறிவியல் கல்லூரிகள். மாநிலம் முழுக்க 160-க்கும் மேல் இருக்கின்றன; எல்லாவற்றுக்கும் ஒரே இணைய விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இதற்குள் 5 கல்லூரிகள் வரை குறிக்கலாம். ஐந்தையும் நிரப்புங்கள். தருமபுரம் ஞானாம்பிகை அரசு மகளிர் கல்லூரி, மணல்மேடு அரசுக் கல்லூரி என்று உள்ளூரில் தொடங்கி, 1854-இல் பிறந்த கும்பகோணம் கல்லூரி, திருவாரூர் திரு.வி.க. கல்லூரி, சிதம்பரம் அரசுக் கல்லூரி என்று நான்கு மாவட்டங்களுக்கு அது நீளும். ஆனால் இதில் ஒரு நெளிவு உண்டு. தரவரிசைப் பட்டியலை அந்தந்தக் கல்லூரிதான் வெளியிடும், கலந்தாய்வும் அங்கேயேதான். கும்பகோணமும் திருவாரூரும் ஒரே நாளில் கூப்பிட்டால் ஒன்றுக்குத்தான் போக முடியும். ஆகவே காலை ரயிலிலோ பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய ஊர்களை மட்டும் குறியுங்கள். கோயம்புத்தூர்க் கல்லூரியைப் பெருமைக்காக ஐந்தாவதாக எழுதுவது அந்த இடத்தை வீணாக்குவதுதான்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி 1955-இல் தொடங்கியது. தருமபுரம் ஆதீனத்தின் கல்லூரி அதற்கும் மூத்தது, 1946. மேலையூரில் பூம்புகார் கல்லூரி இருக்கிறது. இந்த வகைக் கல்லூரிகளில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று: "இந்தப் பாடப்பிரிவு எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?" ஒரே வளாகம், ஒரே பட்டம் என்றாலும் கட்டணம் இரண்டு விதமாக இருக்கும். பி.காம். கிடைத்துவிட்டது என்று இனிப்பு வாங்கியபிறகு அது சுயநிதிப் பிரிவு என்று தெரிந்துகொண்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பொறியியல் வாசலில்தான் 'எத்தனை' என்ற கேள்விக்கு உண்மையான ருசி. ஒற்றைச்சாளர முறை 1997 முதல் இருக்கிறது. 2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது. 2018-இலிருந்து கலந்தாய்வு இணையத்தில். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 250. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். அதன்பின் விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை, எத்தனை பாடப்பிரிவுகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். பத்து அடுக்கினாலும் நூறு அடுக்கினாலும் கட்டணம் ஒன்றே.

இருந்தும் பலர் ஏழெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் காரணம் ஒரு தப்புக் கணக்கு: "எட்டாத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கிற கல்லூரியும் போய்விடும்." போகாது. கணினி மதிப்பெண் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. முதல் விருப்பத்தில் இடமில்லையா, இரண்டாவது. அதிலும் இல்லையா, மூன்றாவது. உங்களுக்குக் கீழே இருப்பவர் அந்த இடத்தை உங்களுக்கு முன் எடுக்க வழியே இல்லை. எனவே உண்மையான ஆசை எதுவோ அதை ஒன்றாம் எண்ணில் போடுங்கள். தைரியம் காட்ட வேண்டியது மேல்பக்கம், எச்சரிக்கை காட்ட வேண்டியது கீழ்பக்கம். பட்டியலின் அடியில் உங்கள் கட்-ஆஃபுக்கு முந்தைய ஆண்டு தாராளமாகக் கிடைத்த இடங்கள் குறைந்தது இருபது இருக்கட்டும். செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, திருக்குவளை, பட்டுக்கோட்டை அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் போன்றவை நம் பகுதிக்காரர் மறக்கக் கூடாத பெயர்கள். கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு. பட்டியல் குட்டையாக இருந்து எதுவுமே ஒதுக்கீடு ஆகாவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவீர்கள். அங்கே மிச்சம்தான் கிடைக்கும்.

இன்னொரு பக்கம், சேர விருப்பமே இல்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். அது விழுந்தால் விழுந்ததுதான். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொள்வதா, ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்று குறித்த நாளுக்குள் சொல்லியாக வேண்டும். மேல்விருப்பம் கிடைத்தால் பழைய இடம் தானாகப் போய்விடும். "இல்லை, பழையதே போதும்" என்று திரும்பி வர முடியாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டாயம் குறிக்க வேண்டும். 2021 முதல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது உண்டு. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

நான்காவது வகை, தனித்தனியே ஆயிரக்கணக்கில் விண்ணப்பக் கட்டணம் கேட்கும் நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள். ஆசைக்கு ஒன்று போதும். ஆண்டுக் கட்டணத்தையும் விடுதியையும் நான்கால் பெருக்கிப் பார்த்துவிட்டு அந்த ஒன்றையும் போடுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். பொது விண்ணப்பங்கள் தகுதிக்கேற்ற எல்லாவற்றிலும், உதவி பெறும் கல்லூரிகள் இரண்டு அல்லது மூன்று, ஆசைக் கல்லூரி ஒன்று. கையெழுத்துப் போடும் விண்ணப்பங்கள் ஆறு ஏழைத் தாண்ட வேண்டியதில்லை. அவற்றுக்குள் அடங்கும் கல்லூரிகள் நூறானாலும் சரி. பணம் கட்டுவது ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்.

அந்த ஒரே இடத்திலும் சிக்கல் வரும். கலைக் கல்லூரிச் சேர்க்கை ஜூனில் நடக்கும். பொறியியல் ஒதுக்கீடு அதற்குப் பிறகு, ஜூலை ஆகஸ்டில். முதலில் பி.எஸ்ஸி. சேர்ந்த பெண்ணுக்குப் பின்னால் பி.இ. கிடைக்கிறது. கட்டிய பணம் திரும்ப வருமா?

வரும். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இணைப்புக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். 40,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள், கல்லூரி அறிவித்த கடைசிச் சேர்க்கை நாள் ஜூலை 31 என்று வையுங்கள். ஜூலை 10-இல் விலகினால் முழுத் தொகை. செயல்முறைக் கட்டணமாக 5 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது, அதாவது 38,000-க்குக் குறையாமல் வர வேண்டும். ஜூலை 25 என்றால் 36,000. ஆகஸ்ட் 10 என்றால் 32,000. ஆகஸ்ட் 25 என்றால் பாதி. செப்டம்பர் பிறந்துவிட்டால் ஒன்றுமில்லை. காப்புத்தொகை இந்தக் கணக்கில் சேராது. அது முழுதாகத் திரும்ப வேண்டும். எழுதிக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளில் மானியக் குழு இன்னும் இளகியது: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு எது நடப்பு என்று பாருங்கள். சேரும்போதே அந்தக் 'கடைசிச் சேர்க்கை நாள்' என்ன என்று கேட்டு ரசீதின் பின்பக்கம் எழுதிவையுங்கள். கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. ஒரு பருவத்துக்கோ ஆண்டுக்கோ தவிர, முழுப் படிப்புக்கும் முன்பணம் கேட்பதையும் அதே அறிவிக்கை தடுக்கிறது.

பணத்தைவிட மோசமாக மாட்டுவது ஒரிஜினல். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு, "மூணு வருஷ ஃபீஸ் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொன்ன ஒரு கல்லூரிக்கு என் உறவுக்காரப் பையனோடு நானே போயிருக்கிறேன். விதி தெளிவாக இருக்கிறது: சேர்க்கையின்போது ஒரிஜினலை உங்கள் முன்னிலையில் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்வது சுயசான்றொப்பமிட்ட நகல். எங்கள் விஷயத்தில் எழுத்து மூலம் கேட்டு, கடிதத்தின் நகலில் முத்திரை கேட்டதுமே பேச்சின் குரல் மாறியது. நான்காம் நாள் சான்றிதழ் வந்தது.

எல்லாருக்கும் அப்படி வராது. வராவிட்டால் முதலில் கல்லூரி முதல்வருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபால். அடுத்து கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழு. 2023 ஏப்ரல் விதிமுறைப்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு. மானியக் குழுவின் 'இ-சமாதான்' தளத்திலும் பதியலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு, முதலமைச்சர் உதவி மைய எண் 1100-இல் ஒரு புகார், இரண்டும் பக்கபலம். வக்கீல் செலவுக்குப் பயப்படும் பெண்களும் பட்டியலின, பழங்குடி மக்களும் வருமான வரம்பே பாராமல் இலவச சட்ட உதவி பெறலாம், எண் 15100. 'கன்ஸ்யூமர் கோர்ட்டில் போடு' என்று டீக்கடையில் எல்லாரும் சொல்வார்கள். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பது உச்ச நீதிமன்றம் வரை இழுபறியான விஷயம். அதை முதல் வழியாக நம்பாதீர்கள்.

இந்த எந்த விதியும் புரோக்கரைத் தொடாது. வீடு தேடி வந்து, நர்சிங் சீட் என்று சொல்லி, ஒரிஜினலையும் பத்தாயிரத்தையும் வாங்கிக்கொண்டு போகிறவர் எந்தக் கல்லூரிக்கும் ஊழியரல்ல. நன்கொடை வசூலைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-இலிருந்தே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், அதனால்தான் ரசீது தருவதில்லை. பி.எஸ்ஸி. நர்சிங் என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் அந்தச் சான்றிதழால் நர்சாகப் பதிவு செய்ய முடியாது.

கம்ப்யூட்டர் சென்டரிலும் ஒரு கண் வேண்டும். விண்ணப்பத்தில் சென்டர்காரர் தம் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டால், ஓ.டி.பி.யும் ஒதுக்கீட்டுச் செய்தியும் அவருக்குத்தான் போகும். கடவுச்சொல்லை அவரிடம் விட்டுவிட்டால், உங்கள் விருப்பப் பட்டியலை வேறு யார் வேண்டுமானாலும் திறந்து மாற்ற முடியும். எண் உங்களுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை மகளே போடட்டும்.

எதில் சேர்வது என்ற குழப்பத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐக் கூப்பிடலாம். ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு மேலே சொன்ன எந்தக் கதவும் திறக்காது. மஞ்சள் பையோடு கிளம்பும் அப்பாவுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: இன்று சாயந்திரமே ஒரிஜினல் ஒவ்வொன்றுக்கும் பத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.