எடைக்குப் போடுவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்!

"பேப்பர் லாமா… சூராட் காபார் லாமா…" என்று ஒலிபெருக்கி கட்டிய லோரி உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கும். பழைய பேப்பர், பழைய இரும்பு, ஓடாத மின்விசிறி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, கையில் கிடைக்கும் சில வெள்ளியை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும் தாய்மார்கள் எத்தனை பேர்! வீடு சுத்தமாயிற்று, கைச்செலவுக்கும் ஆயிற்று என்ற திருப்தி.

ஷா ஆலத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய தகப்பனார் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் குசினியாக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது பங்களாச் சாமான்களில் இரண்டு பிரம்பு நாற்காலிகளை "நீயே வைத்துக்கொள்" என்று துரை கொடுத்துவிட்டுப் போனாராம். லயத்து வீட்டிலிருந்து பலகை வீட்டுக்கும், அங்கிருந்து இந்த அடுக்குமாடிக்கும் அவை குடும்பத்தோடு கூடவே வந்தன. சென்ற ஆண்டு ஒரு நாற்காலியின் பிரம்பு அறுந்து தொங்கியது. லோரிக்காரன் அதைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றொன்றின் மேல் துவைத்த துணி மலைபோல் குவிந்திருந்ததால் அது தப்பியது!

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் நடக்கும் பழம்பொருள் சந்தையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே சாயலில் ஒரு நாற்காலியைப் பார்த்தேன். அதே நாற்காலிதான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அதே சாய்ந்த பின்கால், அதே வளைந்த கைப்பிடி. தொங்கிய சீட்டில் விலை மூன்று இலக்கத்தில் இருந்தது. அக்காவிடம் வந்து சொன்னபோது அவர் நம்பவில்லை. "சும்மா இரு தம்பி, அந்த ஒடஞ்சத யாரு வாங்குவா?" என்று சிரித்தார்.

யார் வாங்குகிறார்கள்? ஷா ஆலத்திலும் கோலாலம்பூரிலும் புது வீடு வாங்கும் இளந்தம்பதிகள், காப்பிக்கடைகளை அலங்கரிப்பவர்கள், சினிமாப் படப்பிடிப்புக்குச் சாமான் தேடுபவர்கள். இவர்கள் தேடும் பாணிக்கு 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்று பெயர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 முதல் ஏறக்குறைய 1970 வரை செய்யப்பட்ட நாற்காலி, மேசை, அலமாரிகளுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. கேரா கிரீன்பெர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி 1984-இல் எழுதிய ஒரு புத்தகத்தின் தலைப்பிலிருந்து இது பரவிற்று. செதுக்குச் சித்திரம் கிடையாது, சிங்கக்கால் கிடையாது. கீழே போகப் போக மெலியும் கால்கள், மரத்தின் ரேகை அப்படியே தெரியும் மெருகு, தூக்கினால் எளிதில் வரும் உடம்பு. இவைதாம் அதன் அடையாளம்.

இந்தப் பாணிக்குப் பெயர்பெற்ற நாடு டென்மார்க். ஹான்ஸ் வெக்னர் என்ற டேனிஷ் தச்சுக் கலைஞர் 1949-இல் செய்த ஒரு வட்ட முதுகு நாற்காலியில்தான், 1960 செப்டம்பர் 26-ஆம் தேதி கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்தின்போது அமர்ந்தார்கள். உலகமே அந்த நாற்காலியைப் பார்த்தது. டென்மார்க் எங்கோ பனிநாடு, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். பேராக், தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராத்தா தோட்டம் 1906-இல் ஒரு டேனிஷ் பொறியாளர் தொடங்கியதுதான். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேர்வை சிந்திய இடம். டேனிஷ் நாற்காலிகளுக்கு உயிர்கொடுத்த தேக்கோ நம் ஆசியக் காடுகளிலிருந்து போனது. சியாம் காடுகளில் தேக்கு வணிகம் செய்த டேனிஷ் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. மரத்துக்கு வெள்ளைக்காரன் சொல்லும் பெயர்கூட நம் 'தேக்கு'தான். கேரளக் கரையில் போர்ச்சுகீசியர் காதில் விழுந்து, அவர்கள் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது!

மலாயா 1957-இல் சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தப் பாணி இங்கும் வந்தது. கப்பலில் வந்தவை கொஞ்சம். பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் சீனத் தச்சர்கள் உள்ளூர் மரத்தில் செய்து கொடுத்தவை ஏராளம். தோட்டத்துப் பங்களா, கிராணி வீடு, அரசாங்கக் குவார்ட்டர்ஸ் என்று அவை பரவின. பிறகு தோட்டங்களே போயின. இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற பூமி. 1978 டிசம்பர் 7-ஆம் தேதி அது சிலாங்கூரின் தலைநகரம் ஆயிற்று. கத்ரி கம்பெனி 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் மலேசியர் கைக்கு வந்தது. அதன் புக்கிட் ஜெலுத்தோங் தோட்டம் பிற்பாடு வீடமைப்புப் பகுதியாயிற்று. மரம் விழுந்தபோது பங்களாவும் லயமும் சேர்ந்தே விழுந்தன. உள்ளே இருந்த சாமான்கள் எங்கே போயின என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

கணக்கு வைக்காததால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு கதை நடந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லாமல் போயிற்று. நேருவின் ஆர்வத்தில் சண்டிகார் என்ற புதுநகரம் 1950-களில் எழும்பியது. பட வரைவுக்கு லெ கொர்புசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரே 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். ஊர் கட்டினால் போதுமா? ஆபீசுக்கு நாற்காலி வேண்டும், கல்லூரிக்கு மேசை வேண்டும், நூலகத்துக்கு அலமாரி வேண்டும். ஜான்னரேயும் உடனிருந்தவர்களும் வரைந்து கொடுக்க, உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழாக்கிய 'வி' எழுத்துப்போல் கால்கள். குமாஸ்தாவும் அதில்தான் உட்கார்ந்தார், நீதிபதியும் அதில்தான் உட்கார்ந்தார். ஜான்னரேக்கு அந்த ஊர்மேல் எவ்வளவு பற்று என்றால், 1967-இல் அவர் இறந்த பிறகு அவருடைய அஸ்தியைச் சண்டிகாரின் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள்.

காலம் போயிற்று. பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. இரும்பு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தன. பழையவற்றை மொட்டைமாடியிலும் கொல்லையிலும் குவித்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவ்வப்போது அரசாங்கமே கழிவுச் சாமான் என்று ஏலம் போட்டது. உள்ளூர் பழைய சாமான்காரர்கள் அற்ப விலைக்கு அள்ளினார்கள். சில விறகாகவும் போயின. பிரான்சிலிருந்து வந்த சில வியாபாரிகளும் அந்த ஏலங்களில் நின்றார்கள். அவர்களுக்கு அது என்னவென்று தெரியும்! கப்பலேற்றிக் கொண்டுபோய்ப் பிரம்பு மாற்றி, மெருகேற்றி, பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலம்விட்டார்கள். ஒற்றை நாற்காலி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிற்று. ஊர்க்காரர்கள் பத்திரிகையில் படித்து வாயைப் பிளந்தார்கள்.

கடைசியில் 2011-இல்தான் இந்திய உள்துறை அமைச்சு விழித்துக்கொண்டு, இனி விற்கக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று உத்தரவு போட்டது. எஞ்சியவற்றை எண்ணினார்கள், 12 ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. இதில் ஒரு வேடிக்கை. எந்த ஆபீசின் சொத்து என்று தெரிவதற்காக அந்த நாற்காலிகளில் பெயிண்டினால் எழுத்தும் எண்ணும் போட்டிருந்தார்கள். பார்க்க அசிங்கம் என்று நாம் சுரண்டி எறியக்கூடிய அந்த எழுத்துதான் இன்று வாங்குகிறவனுக்கு அத்தாட்சி. இப்போது போலி நாற்காலி செய்கிறவன் அந்த எழுத்தையும் சேர்த்தே போலியாக எழுதுகிறான்!

இதைப் படித்துவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு முக்காலியும் தங்கம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலானவை சாதாரணச் சாமான்தான். ஆனால் கொடுப்பதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் எழுத்தோ முத்திரையோ காகிதச் சீட்டோ இருந்தால் கை வைக்காதீர்கள். கால் சட்டத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: ஒரு மரத்தில் துளையிட்டு இன்னொன்றின் நாக்கை உள்ளே செருகியிருந்தால் கைத்தச்சனின் வேலை. வெறும் ஆணியும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சீனர் காப்பிக்கடையில் பார்த்திருப்பீர்களே, வளைந்த முதுகும் வட்ட ஆசனமும் கொண்ட நாற்காலி? அதன் மூலம் மைக்கேல் தோனே வியன்னாவில் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி. மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்த வித்தை அது. ஆசன வளையத்தின் உட்புறம் பெயர் இருந்தால் வியாபாரி முகம் மாறுவதைக் காணலாம்.

மரம் என்ன மரம் என்று பார்ப்பதில் ஒரு காரியத்தில் பால்மரம் வெட்டிய கையை எந்த வியாபாரியும் ஏமாற்ற முடியாது. பால்மரக் கட்டையை நீங்கள் அடுப்பில் வைத்தே பழகியவர்கள். வெளுத்த நிறம், வெட்டிப் போட்ட சில நாளில் நீலம் பாயும், பூச்சி துளைக்கும். அதனால் அக்காலத்தில் அது விறகுக்குத்தான் போயிற்று. மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை கைகூடி, 1980-களுக்குப் பிறகே அது பெருமளவில் மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கிற்று. ஆகவே, யாராவது பால்மர நாற்காலியைச் சாயம் பூசி "1955-ஆம் வருடத்து டேனிஷ்" என்று உங்களிடம் நீட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள்!

சுத்தம் செய்கிறேன் என்று அவசரப்பட்டு மணல்தாள் போடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. பளபளப்புக்காக அக்காலத்தில் பூசியது பெரும்பாலும் சாராயத்தில் கரைத்த அரக்கு. நாம் கடையில் வாங்கும் மலிவு வார்னிஷை அதன்மேல் அடித்தால் விலையில் பாதி போயிற்று என்று வையுங்கள். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டால் போதும். கரையானும் உளுவும் இருக்கின்றனவா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

விற்பதென்றே முடிவு செய்தால் ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். மேலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்து இரண்டு மூன்று பேருக்குக் காட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஜோடியாகவோ நான்காகவோ இருந்தால் பிரிக்காதீர்கள். கடையில் தொங்கும் விலை உங்களுக்குக் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரிக்கு லோரி வாடகை, பிரம்புக் கூலி, கடை வாடகை எல்லாம் இருக்கின்றன; வாங்க ஆள் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கிறான். ஆனால் பழைய பேப்பர் விலைக்கும் அதற்கும் நடுவில் இடம் நிறைய இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்து மரப்பெஞ்சும் தமிழ்ப்பள்ளியின் பழைய மேசையும் உங்கள் சாமான் அல்ல. பள்ளிக்கூடச் சொத்தைக் கழிக்க முறைப்படி அனுமதி வேண்டும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இடம் அடைக்கிறது என்று ஒரே நாளில் லோரியை அழைத்துவிடுகிறார்கள். சண்டிகாரில் நடந்ததும் இதேதான், அளவுதான் பெரிது.

அக்காவின் மிச்ச நாற்காலியைப் போன வாரம் இருவருமாகக் கவிழ்த்துப் பார்த்தோம். ஆசனத்தின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. அக்கா விரலால் தடவிப் பார்த்தார். "இது அப்பா வேலை செஞ்ச தோட்டத்துப் பேரு தம்பி" என்றார். மேலே குவிந்திருந்த துணியெல்லாம் இப்போது கட்டிலுக்குப் போய்விட்டது. கிள்ளானில் பிரம்பு பின்னும் ஒரு கிழவர் இருக்கிறாராம். எவ்வளவு கேட்பார் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். விற்பதா வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.