முதல் மணி நேரம் – 7: தராசில் எடை கூடும் குழந்தை

சென்ற வாரம் முதல் அழுகையில் நிறுத்தியிருந்தோம். நுரையீரலுக்குள் காற்று புகுந்ததும் இதயத்துக்குள் ரத்தம் எப்படிப் பாதை மாறுகிறது என்று பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சேனை வைப்பது பற்றியும் முதல் குளியல் பற்றியும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் தொப்புள்கொடி வெட்டுவதை இரண்டே பத்தியில் சொல்லி முடித்துவிடலாம் என்பதுதான் திட்டம். பிராட்ஃபோர்டு தராசு குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

பிராட்ஃபோர்டு இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒரு ஆலை நகரம். 2011-ல் அங்கிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில் செய்தது இவ்வளவுதான்: பிறந்த குழந்தையைத் தொப்புள்கொடியை வெட்டாமல், கிளிப்பும் போடாமல், தாயின் பக்கத்திலேயே ஒரு மின்தராசில் கிடத்தினார்கள். கொடியின் மறுமுனை இன்னும் தாயின் வயிற்றுக்குள் நஞ்சோடு இணைந்திருக்கிறது. தராசு காட்டும் எண்ணைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். எண் ஏறிக்கொண்டே போனது. 26 குழந்தைகளில் சராசரியாக 116 கிராம் கூடியது. பாலில்லை, தண்ணீரில்லை, கூடியது முழுக்க ரத்தம், ஏறக்குறைய 110 மில்லி. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு நிமிடத்துக்குள் எடை ஏறுவது நின்றது. சிலருக்கு ஐந்து நிமிடம் வரை நீடித்தது. 110 மில்லி என்றால் ஒரு டம்ளர்கூட இல்லையே என்று தோன்றும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தமே மொத்தம் கால் லிட்டர் சொச்சம்தான். தன்னுடைய ரத்தத்தில் 30 முதல் 40 சதவீதத்தைப் பிறந்த பிறகுதான் குழந்தை வாங்கிக்கொள்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்புக்குக் கணக்கிட்டால் ஒன்றரை லிட்டருக்கு மேல் வரும். பிறந்த அரை நிமிடத்துக்குள் கிளிப் போட்டு வெட்டும்போது அந்தப் பங்கில் பாதிக்கு மேல் நஞ்சோடு சேர்ந்து வாளிக்குப் போய்விடுகிறது.

இந்த ரத்தம் யாருடையது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. தாயின் ரத்தத்தைக் குழந்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் தாய்க்கு நஷ்டம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நஞ்சில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அருகருகே ஓடும், கலப்பதில்லை. கருவில் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரலின் வேலையை நஞ்சு செய்ததால், குழந்தை தன் ரத்தத்தில் ஒரு பங்கை எப்போதும் அங்கே அனுப்பி வைத்திருந்தது. பிறந்ததும் நுரையீரல் விரிகிறது, அதற்கு ரத்தம் வேண்டும், கருப்பை சுருங்கி நஞ்சை அழுத்துகிறது, வெளியே இருந்த பங்கு வீடு திரும்புகிறது. அனுமதிக்க வேண்டியது நம் வேலை, அவ்வளவுதான்.

இது நேற்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் மருத்துவர், கவிஞர், ஊர் வம்பு அத்தனையிலும் கருத்துச் சொல்பவர். 1801-ல் வெளிவந்த தன் ‘ஸூனோமியா’ பதிப்பில், கொடியைச் சீக்கிரம் கட்டி வெட்டுவது குழந்தைக்குக் கெடுதல், கொடியின் துடிப்பு அடங்கும்வரை விட வேண்டும் என்று எழுதிவிட்டார். பேரன் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு! 1875-ல் பாரிஸில் பியர் புடான் என்ற இளம் மருத்துவர், சீக்கிரம் வெட்டினால் நஞ்சில் எவ்வளவு ரத்தம் மிஞ்சுகிறது, காத்திருந்து வெட்டினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார். வித்தியாசம் 90 மில்லியை ஒட்டி வந்தது. மின்தராசு இல்லாத காலத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்து, பிராட்ஃபோர்டு எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார் மனிதர். இதே புடான்தான் பிற்பாடு பாரிஸில் கைக்குழந்தைகளுக்கென்று ஆலோசனை மையம் தொடங்கியவர்; அவரைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும்.

அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பிரசவ அறைகளில் உடனே வெட்டுவது எப்படி வழக்கமானது? எனக்குத் தெரிந்தவரை, உடனே வெட்டுவதால் குழந்தைக்கு நன்மை என்று காட்டிய சோதனை எதையும் வைத்து அது நுழையவில்லை. வேறு ஒரு நல்ல காரியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு ஏற்படும் ரத்தப்போக்கு உயிர்க்கொல்லி. அதைத் தடுக்க 1960-களில் மூன்று செயல்களை ஒன்றாகக் கட்டி ஒரு முறை வகுத்தார்கள்: கருப்பையைச் சுருக்க ஊசி, கொடியை உடனே கிளிப் போட்டு வெட்டுதல், கொடியை அளவோடு இழுத்து நஞ்சை வெளியே எடுத்தல். மூன்றையும் சேர்த்துச் செய்தபோது ரத்தப்போக்கு குறைந்தது. பாராட்டு மூன்றுக்கும் பங்கிடப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது வேலை செய்தது ஊசிதான் என்று தெரிந்தது. கொடியைச் சீக்கிரம் வெட்டியதற்கு அதில் பங்கில்லை. 2013-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 15 சோதனைகளை, 3,900-க்கு மேற்பட்ட தாய்மார்களைச் சேர்த்துப் பார்த்தது. சீக்கிரம் வெட்டினாலும் தாமதித்து வெட்டினாலும் தாயின் ரத்தப்போக்கில் வித்தியாசமில்லை. உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்வது, ஊசியைப் போடுங்கள், கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் வெட்டாதீர்கள், ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை காத்திருங்கள் என்பதே. பிரசவ அறைப் பழக்கம் மட்டும் பல இடங்களில் பழைய கட்டையே சுமந்துகொண்டிருக்கிறது.

சரி, கூடுதலாக நூறு மில்லி ரத்தம் கிடைத்தால் என்ன லாபம்? சிவப்பணுவில் இரும்பு இருக்கிறது. பிறந்த குழந்தையின் ரத்தம் நம்முடையதைவிட அடர்த்தி. ஒரு மில்லியில் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பு இருக்கும். ஆக 110 மில்லியில் 60 மில்லிகிராமை ஒட்டி வரும். தாய்ப்பாலில் எல்லாம் உண்டு, இரும்பு மட்டும் மிகக் குறைவு. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே குடித்தாலும் அதிலிருந்து வரும் மொத்த இரும்பு இந்த இரண்டு நிமிடத்தில் வருவதைவிடக் குறைவு என்பது கணக்குப் போட்டால் தெரியும். இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலைக் குறை சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைக் குழந்தை கையோடு கொண்டுவரும் என்ற நம்பிக்கையில்தான் இயற்கை தாய்ப்பாலை அப்படிச் சமைத்திருக்கிறது. கொண்டுவரும் வழியில் கத்தரிக்கோல் வைப்பவர்கள் நாம்.

கணக்கு கணக்காகவே நின்றுவிடாமல் சோதனையிலும் தெரிந்திருக்கிறது. ஸ்வீடனில் 400 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வந்தது. பத்து விநாடிக்குள் கொடி வெட்டிய குழந்தைகளில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நான்காம் மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தது; மூன்று நிமிடம் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்வீடன் செழிப்பான நாடு, நமக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். காத்மாண்டுவின் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 540 குழந்தைகளை வைத்து நடந்து 2017-ல் வெளிவந்த சோதனை நம் நிலைமைக்கு நெருக்கம். எட்டாம் மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு, சீக்கிரம் வெட்டியவர்களில் 38 சதவீதம், மூன்று நிமிடம் காத்திருந்தவர்களில் 22 சதவீதம். ரத்தசோகை 82-லிருந்து 73 சதவீதமாக இறங்கியது. 73-ம் பயங்கரமான எண்தான். கொடியைத் தாமதித்து வெட்டுவது ஒன்றே ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் காசு செலவில்லாமல், மருந்தில்லாமல், இரண்டு நிமிடத்தில் ஒன்பது புள்ளியை இறக்கும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே ஆய்வில், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. விரல் நுனியில் எடுக்கும் ரத்தம் எண்ணைக் கூட்டிக் காட்டுகிறது என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்த வேறொரு தேசிய ஆய்வில், ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளிடம் நாடு முழுவதுக்குமான எண் 41 சதவீதம். எதை எடுத்துக்கொண்டாலும் தூக்கம் வரக்கூடாத எண். ஒவ்வொரு குழந்தையும் மருத்துவர், செவிலியர் கண் முன்னால் பிறக்கும் மாநிலத்தில், எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கக்கூடிய இரும்பு இது. 2018-ல் தொடங்கிய ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்திலும் கொடியைத் தாமதித்து வெட்டுவது இடம்பெற்றிருக்கிறது. காகிதத்தில் இருப்பது லேபர் வார்டுக்குள் போக வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது மஞ்சள் காமாலை. கூடுதல் சிவப்பணு உடையும்போது கூடுதல் மஞ்சள் நிறமி வரும், உண்மைதான். அந்தக் காக்ரேன் தொகுப்பாய்வில் நீல விளக்கின்கீழ் வைக்க வேண்டிவந்த குழந்தைகள் சீக்கிரம் வெட்டியவர்களில் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு, காத்திருந்தவர்களில் நான்கைச் சற்றுத் தாண்டியது. விளக்கு வசதி உள்ள மருத்துவமனையில் இது சமாளிக்கக்கூடிய விலை. வசதியில்லாத இடத்தில், அல்லது பிறந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடும் இடத்தில், மூன்றாம் நாள் குழந்தையின் கண்ணையும் தோலையும் பார்க்க ஆள் வேண்டும். இந்த நிபந்தனையைச் சொல்லாமல் காத்திருக்கச் சொல்வது நேர்மையாகாது. குழந்தையைக் கீழே தாழ்த்திப் பிடித்தால்தான் ரத்தம் இறங்கும், தாயின் வயிற்றில் கிடத்தினால் இறங்காது என்ற இன்னொரு வாதம் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. 2014-ல் அர்ஜென்டினாவில் மறுபடியும் தராசைத்தான் கொண்டுவந்தார்கள். கீழே பிடித்த குழந்தைக்கும் வயிற்றில் கிடத்திய குழந்தைக்கும் கூடிய எடையில் வித்தியாசம் வெறும் மூன்று கிராம். ஆகவே, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

குறைமாதக் குழந்தைக்கு இதெல்லாம் ஆகுமா, அதை அல்லவா அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. உண்மை நேர்மாறாக இருக்கிறது. 2023-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, 20 சோதனைகளில் 3,260 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்தது. தாமதித்து வெட்டியபோது, வீடு திரும்புவதற்கு முன் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஏன் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஆட்டுக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு விடை தருகிறது. நுரையீரல் விரியும் முன் கொடியை வெட்டினால் இதயத்தின் இடப்பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த ரத்தம் திடீரென்று நின்றுபோகிறது, துடிப்பு தளர்கிறது. முதலில் மூச்சு, பிறகு வெட்டு என்ற வரிசையில் அப்படி ஆவதில்லை. அவசரத்துக்காகக் கொடியை விரலால் பிழிந்து ரத்தத்தைத் தள்ளிவிடலாமே என்று சிலர் முயன்றார்கள். மிகக் குறைந்த மாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் அது மூளைக்குள் கடும் ரத்தக்கசிவைக் கூட்டியதால் 2019-ல் வெளியான அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. சிசேரியனிலும் ஒரு நிமிடம் காத்திருக்கலாம். விலக்குகளும் உண்டு: நஞ்சு முன்கூட்டியே பிய்ந்து தாய் ரத்தம் இழந்துகொண்டிருந்தால், கொடி அறுந்திருந்தால், குழந்தை மூச்சே விடாமல் உடனே காற்றேற்ற வேண்டியிருந்து அதைப் படுக்கையருகே செய்ய வசதியில்லாவிட்டால், மருத்துவர் உடனே வெட்டத்தான் வேண்டும். அங்கே யாரும் குறுக்கே நிற்கக்கூடாது.

தொப்புள்கொடி ரத்த வங்கி விளம்பரங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர்கள் பையில் சேகரிப்பதும் இதே ரத்தம்தான். அதிகம் சேகரிக்க வேண்டுமென்றால் சீக்கிரம் வெட்ட வேண்டும். சில அரிய நோய்களுக்குக் கொடி ரத்தம் உயிர் காத்திருக்கிறது, மறுக்கவில்லை. எதிர்காலத்தில் தேவைப்படலாம் என்று காசு கட்டித் தனியாரிடம் சேமித்து வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பரிந்துரைக்கவில்லை. இன்றைக்குத் தேவைப்படும் குழந்தையிடமிருந்து எடுத்து, தேவைப்படாத நாளுக்காக உறைய வைப்பது எனக்கு விளங்காத வியாபாரம். மறுபக்கம், அந்தக் காலத்து மருத்துவச்சி நஞ்சு விழுந்த பிறகுதான் வெட்டினாள், பாட்டிக்கு எல்லாம் தெரியும் என்று மீசை முறுக்குபவர்களும் உண்டு. காத்திருந்தது சரி. வெட்டிய கருவியின் அழுக்கால் ரணஜன்னி வந்து எத்தனை பச்சைக் குழந்தைகள் போயின! இந்தியா அந்த நோயை ஒழித்ததாக உறுதியானது 2015-ல்தான். காத்திருக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டு சுத்தமான பிளேடை மருத்துவமனையிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எட்டாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போது, கணவரோ அம்மாவோ உடனிருக்க, டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “கொடியை எத்தனை நிமிடம் கழித்து வெட்டுவீர்கள் டாக்டர்? குழந்தை நன்றாக இருந்தால் ஒரு நிமிடமாவது விட முடியுமா?” சிசேரியன் என்றாலும் கேளுங்கள். பதிலைப் பிரசவக் கோப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது. சேனையும் முதல் குளியலும் அடுத்த வாரம், தள்ளிப்போடாமல்.