தண்ணீர் ஊற்றினால் திறக்கும் புதையல்

நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பள்ளி மைதானத்தில் கம்பம் நடுவதற்காகப் புதைத்து வைத்த இரும்புக் குழாய்க்குள் ரப்பர் பந்து விழுந்துவிடும். கையை விட்டால் எட்டாது, குச்சியை விட்டால் வழுக்கும். கடைசியில் யாராவது ஒருவன் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். பந்து சமர்த்தாக மிதந்து மேலே வந்துவிடும். கதையில் வரும் காக்கை கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்தியது. நாம் தண்ணீரைப் போட்டுப் பந்தை உயர்த்தினோம். இதே உபாயத்தை வைத்து இன்று ஒரு புதையல் பெட்டி செய்கிறார்கள். பேரப் பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்கக்கூடியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய சாதாரண மக்களின் கருவி, ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கியது. அதைச் சோதித்துப் பார்க்க டேவ் அல்மர் என்பவர் மே 3 அன்று ஆரெகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். உள்ளே சில சாமான்கள், ஒரு டப்பா பீன்ஸ், ஒரு பதிவேடு. கண்டுபிடிப்பவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த விளையாட்டு உலகம் முழுவதும் பரவிவிட்டது. வெறும் டப்பாக்கள் அலுத்துப்போகவே, இடத்தைக் கண்டுபிடித்த பிறகும் மூளையைச் செலவழித்தால்தான் திறக்கும் பெட்டிகள் வந்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்க் குழாய். பூட்டு இல்லை, சாவி இல்லை, பாட்டரியும் இல்லை.

செய்முறைக்கு வருவோம். உள் விட்டம் 5 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர் வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு பெரும்பாலும் வெளி விட்டம். கையோடு ஸ்கேல் கொண்டுபோய் அளப்பது நல்லது. அடிப்பக்கத்தை மூடிபோட்டு ஒட்டிவிடுங்கள், மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். இதற்குள் ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

மிதக்க வேண்டிய டப்பாவில்தான் நான் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் டப்பா குட்டையாக இருந்தது. வழியில் குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொண்டது. இரண்டாவது குழாயோடு இறுக்கமாக இருந்ததால் நகரவே இல்லை. விட்டம் 4 செ.மீ., நீளம் 8 செ.மீ. என்று வைத்த பிறகுதான் சரியாயிற்று. சுற்றிலும் அரை செ.மீ. இடைவெளி வேண்டும், நீளம் குழாயின் விட்டத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த அளவு டப்பாவின் கன அளவு சுமார் 100 மி.லி. ஆகவே உள்ளிருக்கும் பொருளோடு சேர்த்து எடை 100 கிராமைத் தாண்டினால் மூழ்கும். 50 கிராம் என்றால் பாதி வெளியே தெரியும்படி மிதக்கும். எடையை அடியில் வைத்தால் நிமிர்ந்து நிற்கும். நாணயம் போட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஆர்க்கிமிடீஸைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஒரு காகிதத் துண்டை உள்ளே போட்டு மூடி, டப்பாவை ஓர் இரவு முழுவதும் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துப் பாருங்கள். காலையில் காகிதம் உலர்ந்திருந்தால் சரி. பதிவேட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை கரைந்துவிடும்.

இத்துடன் விட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுவார்கள். புதிருக்காகக் குழாயில் நான்கு துளைகள் போடுகிறோம், ஒவ்வொன்றும் 5 மி.மீ. அடியிலிருந்து 20, 40, 60, 80 செ.மீ. உயரங்களில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். அருகருகே போட்டால் ஒரே கை இரண்டை மூடிவிடும். குழாய் நிறையும் தறுவாயில் அடியிலுள்ள துளை ஒன்று மட்டும் திறந்திருந்தாலே வினாடிக்கு ஏறக்குறைய 45 மி.லி. பீய்ச்சி அடிக்கும். நான்கையும் மூட இரண்டு பேரின் கைகள், ஊற்ற மூன்றாவது ஆள். என் பேரன் தனியாகப் போராடிச் சட்டையெல்லாம் நனைந்த பிறகு, "தாத்தா, இது ஒருத்தனால முடியாது போலிருக்கே" என்றான். பக்கத்து வீட்டு சர்தார்ஜியின் பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். டில்லிக்கு வந்து ஆறு மாதமாகியும் அதுவரை அவர்களோடு அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடிமூடியின் நடுவே 3 மி.மீ. அளவில் இன்னொரு துளை அவசியம். ஊற்றுவதை நிறுத்தி, பக்கத்துத் துளைகளை மூடியே வைத்திருந்தால், நிறைந்த குழாய் இது வழியாக வடிய சுமார் மூன்றரை நிமிடம் ஆகும். குளிர்நாடுகளில் தேங்கிய நீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடாமலிருக்க இது உதவும். நம் ஊர்களில் காரணம் வேறு: தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட்டால் பத்து நாட்களுக்குள் பறக்கத் தொடங்கிவிடும். இந்தத் துளைக்காகக் கூடுதலாக அரை லிட்டர் சேர்த்து, இரண்டரை லிட்டர் தண்ணீர் கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் துளையை மூடாமலே ஊற்றித் தள்ளிவிடுவார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் நகரில் இப்படி விளையாடலாமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. குழாயை வேப்ப மரத்தடியில் கட்டினோம்; வடியும் தண்ணீரெல்லாம் வேருக்குத்தான் போகிறது.

எங்கே வைப்பது என்பதில் விளையாட்டுத்தனம் கூடவே கூடாது. 1985-இல் டிரான்சிஸ்டர் குண்டுகள் வெடித்ததை டில்லிவாசிகள் மறக்கவில்லை. மூடிபோட்ட குழாய் ஒன்று பொது இடத்தில் கிடந்தால் போலீஸ் வரும், வரவும் வேண்டும். ஆகவே பூங்கா, மார்க்கெட், ரயில் நிலையம் எதுவும் வேண்டாம். காலனிக்குள்ளேயே, சங்கச் செயலாளரின் அனுமதியோடு, காவலாளியிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள். குழாயின் மேல் "பிள்ளைகள் விளையாட்டு" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வீட்டு எண்ணையும் போடுங்கள்.

குறிப்பைத் தமிழில் எழுதினோம். இடத்தின் எண்களை எழுத்தால் எழுதிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளைகள் கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஏனென்றால் தவறுக்கு உடனே தண்டனை உண்டு. கலை அளவில் மூன்றாவது தசம இலக்கத்தில் ஆறை ஏழு என்று படித்தால் இரண்டு மீட்டர் தள்ளிப் போவார்கள். முதல் இலக்கத்தில் அதே தவறு செய்தால் 185 மீட்டர், அதாவது அடுத்த காலனி. குழாயில் நான் எழுதிய விடுகதை இது: "வாய் ஒன்று, காயம் நாலு; காயத்தை ஆற்றித் தாகத்தைத் தீர்த்தால் வயிற்றில் உள்ளதைத் தருவேன்."

வாரம் ஒரு முறை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டப்பா அடியில் உட்காராமல் மிதந்துகொண்டிருந்தால், வேப்பிலை வடிகாலை அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு துடைப்பக் குச்சி போதும்.